கூட்டம் உட்கார்ந்த ஓடுபாதை

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கிய பிறகு வந்த ஆடி மாதம் அது. மேலூரைத் தாண்டிக் கிழக்கே போனால், இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டு, பிறகு கேட்பாரில்லாமல் கிடந்த ஓடுபாதை ஒன்று உண்டு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம் வைத்திருந்தார்கள். பழைய டயர்களை அடுக்கி வளைவுகள் உண்டாக்கி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கார் ஓட்டியவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் வீடு ஆனையூரில். அப்பா, அம்மா இருவருமே மிஷன் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசைக்கு வராம உனக்கு ரேஸ் ஒண்ணு கேக்குதா?" என்று அம்மா வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தார். விடுவேனா நான்? பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, உள்ளே இரும்புக் கம்பிக்கூடு போட்டு, ஆசை ஆசையாகத் தயார் செய்து வைத்திருந்தேனே!

அங்கே போய் இறங்கியதுமே எனக்கு எரிச்சல். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் ஜல்லிக்கட்டுக்கு வர்ணனை சொல்கிறவர். கார் பந்தயத்துக்கும் அதே பாட்டுத்தான். "இந்தா வருது பாரு செவலை! தொட்டுப் பாரு மாப்ள! இந்த வளைவுல முந்துற வண்டிக்கு ஒரு அண்டா!" சிவப்பு மாட்டைச் சொல்வதுபோலச் செவலை என்றது என் காரைத்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மேடைக்குப் பக்கத்தில் நின்ற அமைப்பாளரிடம் போய், "சார், மானம் போகுது, முதல்ல இவரை மாத்துங்க" என்றேன். "நம்ம ஊர்க் கூட்டத்தைக் கட்டிப்போட அவராலதான் முடியும் மேடம்" என்று சொல்லி அவர் நழுவிவிட்டார்.

என் பந்தயம் உச்சி வெயிலில் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் மேடைக்கு எதிரே வரும்போது ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. முன்னால் போன கார் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். டயர் அடுக்கில் மோதி, கார் இரண்டு முறை உருண்டு தலைகீழாக நின்றது. நான் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஆணி அடித்தது போல வலி. பெட்ரோல் வாடை வேறு.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஜனங்கள் கயிற்றைத் தாண்டி ஓடி வருகிறார்கள். நம் ஊர் ஆட்கள் பஸ் கவிழ்ந்தால்கூட வெறும் கையால் நிமிர்த்திவிடுவார்கள். அப்பாடா, இழுத்து வெளியே போட்டுவிடுவார்கள் என்று நானும் பெல்ட்டைக் கழற்றப் போனேன்.

அப்போது அதே வர்ணனையாளரின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது. "நில்லு! தாண்டுனவன் திரும்பு! பின்னாடி வண்டி வருது, புழுதில ஒண்ணும் தெரியாது! அம்புட்டு பேரும் கயித்துக்கு அந்தப் பக்கம் போயி உக்காருங்கய்யா!"

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார். "புள்ள உள்ள தொங்குதுண்ணே! தூக்க வேணாமா?"

"தூக்கக் கூடாதுடா மாப்ள! தூக்குனா கழுத்து போயிரும். என்னைய நம்பு, உக்காரு!" சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. அந்தக் குரலில் என்ன இருந்ததோ, ஓடி வந்தவர்கள் திரும்பிப் போய், கொதிக்கும் மண்ணில் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் பின்னால் வந்த கார்களும் நின்றன. தீயணைக்கும் ஆள் ஒருவர் மட்டும் சிலிண்டரோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, காது கேக்குதா? தலைய அசைக்காத. பெல்ட்டுல கை வைக்காத. டாக்டரு வாராரு. கேட்டுச்சுன்னா ரெண்டு வெரல மட்டும் ஆட்டு."

பெல்ட்டிலிருந்து கையை எடுத்தேன். ஜன்னல் வழியாக விரலை ஆட்டினேன்.

"ஆட்டுதுய்யா! தங்கச்சி வெரல ஆட்டுது!" கூட்டம் கொடுத்த சத்தத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் வந்து கழுத்துக்குப் பட்டை போடும்வரை மைக்கில் வர்ணனையாளர் பேச்சை நிறுத்தவே இல்லை. "வண்டிக்கு ஒண்ணும் ஆகல தங்கச்சி, பெயிண்டு அடிச்சாப் போதும்" என்று புளுகினார். வண்டி பழைய இரும்புக்குத்தான் போனது, அது வேறு கதை!

மதுரையில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கழுத்தெலும்பில் விரிசல். அப்படியே இழுத்திருந்தால் கை கால் விளங்காமல் போயிருக்கும் என்றார் டாக்டர். அம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வர்ணனையாளர் சாத்துக்குடிப் பையோடு பார்க்க வந்தார். அவரை மாற்றச் சொன்னதே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும் தங்கச்சி, பக்கத்துலதான நின்னேன்" என்று சிரித்தார்.

"தூக்கக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு தம்பி?" என்று அம்மா கேட்டார்.

அவர் சிரிப்பு நின்றது. "என் தம்பி மாடு புடிக்கிறவன்மா. மாடு தூக்கிப் போட்டுச்சு. பாசத்துல ஆளுக்கொரு கை காலைப் புடிச்சுத் தூக்கிட்டு ஓடுனோம். அதுல நானும் ஒருத்தன். அதுக்கப்புறம் அவன் எந்திரிக்கவே இல்ல, கட்டில்லதான் கெடக்கான்." சாத்துக்குடிப் பையை என் கட்டில் ஓரத்தில் வைத்தார். "நேத்து தங்கச்சி வெரல ஆட்டுனத வீட்டுக்குப் போயி அவங்கிட்டதான் மொதல்ல சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சான்மா."

அடுத்த வருடம் வேறொரு கார் வாங்கிவிட்டேன். அம்மாவின் திட்டும் குறையவில்லை. ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கக் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம், தூக்கத் துடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு எனக்காக அந்த வெயிலில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஜனங்களை நினைத்துக்கொள்கிறேன். இப்படித் திரும்பிப் பார்க்க முடிவதே அவர்கள் எனக்குக் கொடுத்ததுதான்.