மகன்மீது நான் கொடுத்த புகார்

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்குச் சென்றதில்லை. ஆயினும் மனு எழுதுவதில் எங்கள் ஊரில் எனக்கென்று ஓர் இடம் உண்டு என்பதை அடக்கத்துடன் சொல்லிக்கொள்வேன். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை செல்லும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் கரிசல் ஊர் எங்களுடையது. மின்மாற்றி எரிந்துபோனாலும், காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உழக்கிவிட்டுப் போனாலும், ஊரார் வெள்ளைத் தாளுடன் என்னைத் தேடி வருவார்கள். 'பொருள்' என்று எழுதி அதன் கீழே கோடிட்டு, 'ஐயா' என்று தொடங்கி, 'ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிப்பேன். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகே ஊருக்குப் பேருந்து ஏறுவேன். புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டு என்ற நம்பிக்கை அவ்வாறு எனக்குள் வேரூன்றியது. அந்த நம்பிக்கைதான் சென்ற மழைக்காலத்தில் என் மகனுடைய குரலை எங்களுக்குக் கேட்காமல் செய்தது.

எங்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் நான்காம் நிலைப் பொறியாளர். அவன் பணிபுரியும் கப்பல் பழையது. நடுக்கடலில் கைப்பேசி வேலை செய்யாது. படம் அனுப்ப இயலாது. கப்பலின் பொதுக் கணினியிலிருந்து சில வரி மின்னஞ்சல் அனுப்பலாம், அவ்வளவே. விடுமுறையில் வந்திருந்தபோது எனக்கொரு மடிக்கணினி வாங்கி வைத்து, எனக்கு ஆங்கிலம் பிடிபடாது என்பதால் எல்லாவற்றையும் தமிழில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஞாயிறுதோறும் அவனிடமிருந்து கடிதம் வரும். என் மனைவி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாலும் சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காருவாள். நான் உரக்க வாசிப்பேன். 'இன்று கோழி', 'இன்று கடல் அமைதி', 'இயந்திர அறையில் வெப்பம் அதிகம்' என்ற அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த ஏழெட்டு வரியில் அவளுக்கு ஒரு வாரம் ஓடிவிடும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு கடிதம் வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, அவன் முன்னர் எழுதிய கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருந்தேன். மேலே வரிசையாக இருந்த பொத்தான்களில் ஒன்றின்மேல் அம்புக்குறி பட்டதும் ஒரு வாசகம் தோன்றியது: 'ஸ்பேம் எனப் புகாரளி.' புகார் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஸ்பேம் என்பது வருவாய்ப் பிரிவு, வேளாண் பிரிவு என்பதுபோல அஞ்சல் தாமதங்களைக் கவனிக்கும் ஏதோவொரு பிரிவின் பெயராக இருக்கவேண்டும் என்று கொண்டேன். அழுத்தினேன். கடிதம் மறைந்தது, கீழே ஒரு கறுப்புப் பட்டையில் ஸ்பேமாகக் குறிக்கப்பட்டது என்று வந்தது. ஒப்புகைச் சீட்டு கிடைத்த நிறைவுடன் கணினியை மூடினேன். அசல் கடிதத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள் போலும் என்றுகூட மனைவியிடம் விளக்கினேன்.

அடுத்த ஞாயிறும் ஒன்றும் வரவில்லை. முறைப்படி நினைவூட்டு மனு கொடுத்தேன். அதாவது இன்னொரு பழைய கடிதத்தைத் திறந்து அதே பொத்தானை அழுத்தினேன். அதற்கடுத்த வாரமும் அவ்வாறே.

மூன்று ஞாயிறு கடந்தபின் மகனுடைய நிறுவன அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வருகிறது, குறித்தபடி போய்க்கொண்டிருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள். அதை மனைவியிடம் தெரிவித்தேன்.

"கப்பலப் பத்தி இங்க யாரு கேட்டா? பிள்ள எப்படி இருக்கான்னு கேட்டியளா?" என்றாள்.

நான் கேட்டிருக்கவில்லை. மறுபடியும் அழைக்கக் கூச்சமாக இருந்தது. அவள் அதன்பின் அதிகம் பேசவில்லை. சோறு வடித்து வைப்பாள். எனக்கு எடுத்து வைப்பாள். தான் உண்டதாகச் சொல்வாள். பானையில் சோறு அப்படியே இருக்கும்.

நான்காம் ஞாயிறும் வெறுமையாகக் கழிந்த பின், தந்தையின் கௌரவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நானே அவனுக்கு எழுதினேன். 'உன் கடிதம் எதுவும் வந்து சேரவில்லை. உன் தாய் வருந்துகிறாள். நலமறிய ஆவல்.' பதில் இல்லை. கடிதம் எழுதியும் மகன் பதில் எழுதவில்லை என்றால் அவனுக்கு உடல் நலமில்லை. அல்லது எங்கள்மீது மனத்தாங்கல். இரண்டில் எது என்று தெரியாமல், கப்பல் இருக்குமிடத்தையேனும் கண்ணால் காண்போம் என்று இணையத்தில் தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. திறந்ததும் ஒரு சிறு பெட்டி, அறிவிப்புகளைக் காட்ட அனுமதி வேண்டும் என்று கேட்டது. 'அனுமதி', 'தடு' என்று இரண்டு பொத்தான்கள். அனுமதி கேட்டு நிற்பவரைத் தடு என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அனுமதித்தேன். இன்னொரு பெட்டி வேறெதையோ சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அதையும் சேர்த்துக்கொண்டேன். வேறு பக்கங்களையும் திறந்து பார்த்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தேன். கப்பல் மட்டும் கடைசிவரை தென்படவில்லை.

மறுநாள் முதல் கணினி என் வசமில்லை. திரையின் ஓரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் எட்டிப் பார்த்தன. 'உங்கள் கணினியில் வைரஸ்', 'உடனே சரிசெய்க', முழங்கால் வலிக்குத் தைலம், பரிசுப் பொருள். தேடல் பக்கம் பெயர் தெரியாத வேறொரு பக்கமாக மாறிவிட்டது. ஒருநாள் மனைவி பின்னால் வந்து நின்றபோது ஓர் இளம்பெண்ணின் படம் தோன்றியது.

"யாரு இவ?"

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு போட்டிருக்குல்லா? பிள்ளையக் காணலன்னு நான் தவிக்கேன், இவியளுக்கு இங்கன ஒருத்தி காத்துக் கெடக்கா!"

அத்தனை நாளுக்குப் பின் அவள் வாயிலிருந்து வந்த கேலி அது. எனக்கு அவமானத்தைவிட ஆறுதலே மிகுதியாக இருந்தது. இந்தப் பெட்டிகளின் கூட்டம்தான் மகனுடைய கடிதங்களை வழிமறிக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. ஆறாம் ஞாயிறும் கழிந்து புதன்கிழமை, மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் புறப்பட்டேன். மனைவியும் கூட வந்தாள்.

மழை ஓய்ந்து வெறித்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகே, மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடை. நடத்துபவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. நாங்கள் வாசலுக்கு வந்ததுமே கையை நீட்டித் தடுத்தார்.

"அண்ணாச்சி, செருப்ப அங்கனயே விட்டுட்டு வாங்க. கரிசலக் கொண்டுவந்து கீபோர்டு வரைக்கும் அப்பிருவீங்க."

செருப்புகளை விட்டோம், ஒவ்வொன்றும் இரண்டு செருப்புக் கனம் இருந்தது. கணினியைத் திறந்ததும் பெட்டிகள் துள்ளிக் கிளம்பின. அவர் முகத்தில் வியப்பே இல்லை.

"எத்தன பேருக்கு அனுமதி குடுத்திருக்கீங்க?"

"கேட்டவர்களுக்கு."

"கேட்டவங்களுக்கெல்லாமா? நல்ல மனசுதான்," என்று சொல்லி அமைப்புகளைத் திறந்து காட்டினார். அனுமதி பெற்ற தளங்கள் பதினான்கு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக நீக்கினார். உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த துணைநிரல் ஒன்றைச் சுட்டி, "இதுதான் ஒங்க தேடல வேற எடத்துக்கு இழுத்துக்கிட்டுப் போகுது," என்று பிடுங்கி எறிந்தார். முகப்புப் பக்கத்தை முன்போல மாற்றினார். வைரஸ் தேடும் நிரலை ஓடவிட்டு, அது முடியும்வரை காத்திருந்தோம். பிறகு கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார். திரை மழை பெய்து ஓய்ந்த காடுபோல அமைதியாகிவிட்டது. நான் ஆவலுடன் மின்னஞ்சலைத் திறந்தேன். மகனிடமிருந்து ஒன்றுமில்லை.

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பெண்மணி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரு லெட்டரு அண்ணாச்சி?"

சொன்னேன். கடல், ஞாயிறு, தாமதம், நான் கொடுத்த புகார், இரண்டு நினைவூட்டு மனுக்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னேன். புகார் என்றதும் அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"புகாரா? எங்கன குடுத்தீங்க?"

பொத்தானைக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை, சிரிக்காதிருக்க முயன்றார் என்பது தெரிந்தது. "அண்ணாச்சி, இது ஆபீசுக்குப் போற புகாரு இல்ல. இவன் குப்ப லெட்டரு அனுப்புதான், இனிமே இவன உள்ள விடாதன்னு சொல்லுத பொத்தான். ஸ்பேம்னா குப்பை. ஒங்க மகனத்தான் நீங்க உள்ள விடாதன்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் மூணு தடவ."

பக்கவாட்டில் இருந்த 'ஸ்பேம்' என்ற சொல்லைத் தொட்டார். நான் ஒருநாளும் திறந்திராத அறை அது. பரிசுச் சீட்டு, முடி வளரும் எண்ணெய், உடனடிக் கடன் என்ற இரைச்சலுக்கு நடுவே என் மகனுடைய பெயர் ஒருமுறை, இருமுறை, ஏழு முறை இருந்தது. நான் புகாரளித்த பழைய கடிதங்கள் இரண்டு, புதிதாக வந்தவை ஐந்து.

"இருக்கான்! பிள்ள இருக்கான்!" என்று மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த கணமே குரல் மாறியது. "பெத்த பிள்ள மேல புகாரு குடுத்த மனுசன் இந்தச் சீமையில நீங்க ஒருத்தர்தான். ஊருல போயிச் சொல்லுதேன், இருங்க!"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தேன். முதன்முதலில் வராமற்போன அந்த ஒரு வாரம் மட்டும் கப்பலின் தொடர்புக் கருவி பழுது. அதன்பின் வாரம் தவறாமல் எழுதியிருக்கிறான். என் கடிதத்துக்கு அன்றே பதில்: 'அப்பா, நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இது வந்ததா?' கடைசிக் கடிதம் மூன்று நாளைக்கு முந்தியது. அதையும் உரக்க வாசித்தேன்.

'வெள்ளிக்கிழமை துறைமுகம் சேருகிறோம். அதற்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறீர்கள் என்றே கொள்வேன். இறங்கி ஊருக்கு வந்துவிடுவதாகத் தலைமைப் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன்.'

இன்னும் இரண்டு மாதக் கடற்பணி நிறைந்தால்தான் அவன் அடுத்த நிலைத் தேர்வை எழுத முடியும். இடையில் இறங்கினால் மறுபடி கப்பல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்று புதன்.

"இப்பவே பதில் போடுங்க. நான் சொல்லுத மாதிரியே போடுங்க," என்றாள் மனைவி.

'அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்' என்று நான் தொடங்கியதும் அவள் தடுத்தாள். "அதெல்லாம் வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத் திங்கேன், நீ எறங்காதன்னு போடுங்க."

"நல்லாத் தின்கிறாயா?" என்றேன்.

"இனிமே திம்பேன். போடுங்க."

அவள் சொன்னபடியே எழுதினேன். என் வாழ்நாளில் நான் பொருளும் ஐயாவும் நலமறிய ஆவலும் இல்லாமல் எழுதிய முதல் கடிதம் அதுவே. கீழே ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: 'தவறு என்னுடையது. விவரம் பின்னர்.' இரண்டே வரிக் கடிதம். அனுப்பினேன்.

பின்னர் பெண்மணி ஒவ்வொரு கடிதத்தையும் திறந்து 'ஸ்பேம் அல்ல' என்ற பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார். "இது மனுவ வாபஸ் வாங்குத மாதிரி," என்றார், என் மொழியைப் பிடித்துக்கொண்டு. மகனுடைய முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்தார். அந்த முகவரியிலிருந்து வருவதை ஒருபோதும் ஸ்பேமிற்கு அனுப்பாதே என்று ஒரு விதியையும் எழுதி வைத்தார். "ஆனாலும் வாரத்துக்கு ஒருக்க இந்தக் குப்பைக்குள்ள எட்டிப் பாருங்க. முப்பது நாளைக்கு மேல இங்கன எதுவும் தங்காது, தானா அழிஞ்சிரும்."

கணக்கிட்டுப் பார்த்தேன். நான் முதன்முதலில் புகாருக்கு உட்படுத்திய பழைய கடிதமும், அதற்குப் பின் அவன் எழுதிய முதல் கடிதமும் அழிந்திருந்தன. பழையதை நாங்கள் வாசித்தாயிற்று. மற்றொன்றில் என்ன இருந்தது என்பது தெரியாது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் இன்னொன்றும் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை நண்பகலில், நான் காட்டில் உளுந்துக்குக் களையெடுக்கும் ஆட்களோடு நின்றிருந்தபோது, மனைவி வரப்பில் நடந்து வந்தாள். கையில் கைப்பேசி. துறைமுகத்திலிருந்து மகன் அழைத்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எறங்கலயாம்," என்றாள். "ஒங்ககிட்டப் பேசணுமாம்."

வாங்கிக் காதில் வைத்தேன். நடந்ததைச் சொல்லியிருப்பாள் போலும். மறுமுனையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஏம்ப்பா, என் மேல போட்ட கேச வாபஸ் வாங்கிட்டியளாமே?"

"வாங்கிவிட்டேன்," என்றேன். பிறகு, எனக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "தொடர்புக் கருவி சரியான பின் முதலில் ஒரு கடிதம் எழுதினாயே, அது அழிந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தாய்?"

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. அங்க மழ பேஞ்சதான்னு கேட்டிருந்தேன்."

காலில் அப்பியிருந்த கரிசலைப் பார்த்தேன். பெய்தது என்று சொன்னேன். எந்தெந்த நாளில் எவ்வளவு பெய்தது, எந்தத் துண்டு நிலத்தில் தண்ணீர் தேங்கியது, உளுந்து எப்படி நிற்கிறது என்று அந்த அழிந்த கடிதத்துக்கு வரப்பில் நின்றபடியே விரிவாகப் பதில் சொன்னேன். களையெடுப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவி கைப்பேசிக்காகக் கையை நீட்டியபடி நின்றாள்.