ஊமைத் தோட்டா

பித்தளைக் கூட்டைக் கீழுதட்டில் அணைத்து வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஊதுகிறார் மீரா உசேன். தூரத்தில் ரயில் கூவுவதுபோல ஒரு சத்தம். "பன்னெண்டு" என்று சொல்லி வலப்பக்கம் வைக்கிறார். அடுத்ததை ஊதுகிறார். கொஞ்சம் கீச்சென்று வருகிறது. "பதினாறு." மூன்றாவது, அணில் கத்துவதுபோல் கத்துகிறது. கண்ணைத் திறந்துவிடுகிறார். "இருபத்துநாலு. இவன் எப்படிங்க இந்தக் கூட்டத்துல வந்து ஒக்காந்தான்?"

எல்லாம் வெடித்து முடித்த தோட்டாக்களின் வெறும் கூடுகள். எண் என்பது துப்பாக்கிக் குழலின் அகலத்தைக் குறிப்பது; எண் கூடக் கூடக் குழல் ஒடுங்கும். பன்னிரண்டுக்கு இன்றைக்கும் புதுத் தோட்டா வாங்கலாம். இருபத்துநாலுக்கு இந்தப் பக்கத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பழைய பித்தளைக் கூட்டையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அதை நிரப்பிக் கொடுப்பவர் மீரா உசேன்.

திருவாரூரில் ஓடம்போக்கி ஆற்றுக்குப் போகும் சந்தொன்றில் கடை. பலகையில் மேல் வரி 'துப்பாக்கி, தோட்டா'. அதன் கீழே பிற்பாடு எழுதிய வரி 'குடை, பூட்டு, டார்ச் லைட்'. கீழ் வரிக்குத்தான் ஆள் வருகிறது. "துப்பாக்கி வாப்பா குடுத்தது, குடை அல்லா குடுத்ததுங்க" என்பார். நானும் குடைக் கம்பி மாற்றத்தான் முதலில் போனேன். அந்தக் குடை தொலைந்துபோய் வெகுநாள் ஆகிறது. கடைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

உள்ளே இரண்டு இரும்பு அலமாரிகள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதானவர்கள் பத்திரத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் அவற்றில் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் ஊர்ப்பெயர். கச்சனத்தாருக்கு எண்ணெய் போட வேண்டும் என்பார். மாங்குடியாருக்குக் கட்டையில் பூச்சி விழுந்துவிட்டது என்று வருத்தப்படுவார். தேர்தல் அறிவித்ததும், முடியும்வரை யாரும் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதால், இன்னும் பத்துப் பதினைந்து வந்து சேரும். அப்போது அவர் முகத்தில் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கியது போன்ற களைப்பும் பெருமையும் தெரியும்.

தோட்டா நிரப்புவது காலையில் மட்டும். "சாயங்கால வெளிச்சம் பொய் சொல்லும்." ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலையே கிடையாது. மழைக்காற்றுப் பட்டால் வெடிமருந்து நமுத்துப்போகும். நிரப்பும் நாளில் பக்கத்து டீக்கடைக்காரர்கூட வாசலில் செருப்போடு தீப்பெட்டியையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே வரலாம். கறுப்பு மருந்தை மாட்டுக்கொம்பில் செய்த கரண்டியால் அள்ளிப் போட்டு, அதன்மேல் வட்டமான அட்டையை வைத்து, மரக்குச்சியால் மெல்ல அழுத்துவார். அந்த அட்டைகள் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டியவை. கடையில் வேறெந்த அட்டையும் அவ்வளவு திண்ணமாக இல்லையாம். "போன தடவை கொரடாச்சேரிக் கல்யாணத்தச் சுட்டேங்க, நல்லா வெடிச்சுது" என்று சிரிப்பார்.

வெடிக்காத தோட்டாவுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஊமை'. அவர் கையிலிருந்து ஊமை போனதில்லை என்பதில் கர்வமே உண்டு. பணிவான மனிதர்தான், பேருந்தில் யார் ஏறினாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தாடி நிமிர்ந்துவிடும். "வாப்பா காலத்துலேர்ந்து கேட்டுப்பாருங்க. நம்ம கடைத் தோட்டா ஒண்ணு ஊமையாப் போச்சுன்னு ஒருத்தன் சொல்லிட்டா, நான் பலகையக் கழட்டிடுறேன்."

அப்படிச் சொல்வதை இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் நிறுத்திக்கொண்டார்.

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வேதநாயகம் என்று ஒருவர் கடைக்கு வருவார். எண்பதைத் தாண்டிய கத்தோலிக்க விவசாயி. வெட்டாற்றுப் பாசனத்தில் நிலம். உப்பு இலாகாவில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது வேதநாயகத்தின் அப்பாவிடம் விற்றுவிட்டுப் போன துப்பாக்கி வீட்டில் இருந்தது. இருபத்துநாலு. வாலிபத்தில் நடவுக்கு முந்திய சேற்று வயலில் இறங்கும் உள்ளான் குருவியைச் சுட்டவர். வேட்டை கூடாது என்று சட்டம் வந்த பிறகு ஈய ரவை இல்லாத வெறும் வெடிதான். கதிர் முற்றும் நாளில் கிளியையும் தாழைக்கோழியையும் கிளப்பிவிட மருந்தும் அட்டையும் போதும். அந்த வெறும் வெடியையும் மீரா உசேன்தான் நிரப்பிக் கொடுத்துவந்தார்.

இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். பேச்சில் பாதி பறவை, மீதி தண்ணீர். ஆனியில் ஆறு திறந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது நுரையோடு சருகும் வருமே, அந்த வாசனையை வேதநாயகம் சொல்ல, மீரா உசேன் மூக்கை உறிஞ்சுவார். வயலில் காலே வைத்திராத மனிதர் அவர். ஆனாலும் தை மாதத்துச் சாயங்காலங்களில் அந்த வயலில் எந்த வரப்பிலிருந்து வெடி போட்டால் கிளி எந்தத் தென்னைக்குப் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

பிறகு வேதநாயகத்துக்கு மறதி வந்தது. முதலில் பேர்கள், அப்புறம் வழிகள். ஒருநாள் பொழுது சாயும் நேரம், மடியில் துப்பாக்கியோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போய்விட்டு வந்த மனைவி சகாயம்மாள் வாசல் கேட்டைத் திறந்திருக்கிறார். "யாரும்மா நீ? என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே துப்பாக்கியைத் தூக்கிவிட்டார் மனிதர். அந்த அம்மாள் அசையாமல் நின்று, "தண்ணி குடிக்க வந்தேங்க" என்றாராம். குடிதண்ணீர் கேட்டு வந்தவளைச் சுடுகிறவரில்லை தன் புருஷன் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளே துப்பாக்கி மீரா உசேனின் அலமாரிக்கு வந்துவிட்டது.

துப்பாக்கி போனதை வேதநாயகம் மறந்துவிட்டார். தோட்டா வாங்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. வாரம் தவறாமல் பேருந்தேறிவிடுவார். தடுத்தால் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்பதால் சகாயம்மாளும் கூடவே வருவார்.

"மீரா, ரெண்டு குடு. கிளி எறங்கிடுச்சு."

"இல்லண்ணே, மருந்து தீந்துபோச்சு" என்று முதல் தடவை சொல்லிப் பார்த்தார் மீரா உசேன். கடைவாசலில் வெயிலிலேயே நின்றுவிட்டார் வேதநாயகம். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "கதிரு போயிடும் மீரா, கதிரு போயிடும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சகாயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் நான் போனபோது மீரா உசேன் நிரப்பிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி வாசலில் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அன்று இல்லை. கரண்டியில் இருந்தது சலித்த ஆற்று மணல். கூட்டின் பின்புறத்தில், மருந்துக்குத் தீ கொடுக்கும் இடத்தில், வெடித்துச் செத்த பழைய கேப்பு. வழக்கம்போலவே அட்டை வைத்து அழுத்தி, வாயை மெழுகால் அடைத்தார். நிறுத்துப் பார்த்தார். துடைத்து வைத்தார். நல்ல தோட்டாவுக்குக்கூட அவ்வளவு நேரம் செலவழித்து நான் பார்த்ததில்லை.

"ஊமையங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "நானே செஞ்சது."

வேதநாயகம் வந்து வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே சட்டைப்பையில் போட்டுத் தட்டிப் பார்த்து, சந்தோஷமாகப் போனார். அடுத்த முறை வரும்போது சகாயம்மாள் அந்த இரண்டையும் டிபன் பைக்குள்ளிருந்து எடுத்து மேசைக்கடியில் நீட்ட, மீரா உசேன் வாங்கி இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அதே இரண்டு ஊமைகள்தான் போவதும் வருவதுமாக இருந்தன. கொடுக்கும்போது மீரா உசேன் வேதநாயகத்தின் முகத்தைப் பார்ப்பதில்லை. குடைகளை அடுக்கப் போய்விடுவார்.

போன மாசியில் ஒருநாள். சகாயம்மாள் எதிர்ச்சாரி மருந்துக்கடையில் நின்றிருந்தார். தோட்டாவைக் கையில் வாங்கிய வேதநாயகம் அதைப் பையில் போடவில்லை. காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்கினார். இன்னொரு தடவை குலுக்கினார்.

"இதுல மருந்து இல்ல மீரா."

மீரா உசேன் குடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"மணலு. எத்தினி நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமாண்ணே."

"சகாயம் சொல்லிக் குடுத்தாளா?"

"அவங்க எதுவும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன். தப்புத்தாண்ணே."

அன்று அந்த மனிதரின் கண்ணில் பழைய வேதநாயகம் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச்சாரியில் மருந்துச் சீட்டோடு நிற்கும் மனைவியைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"அவள ஏதாச்சும் செஞ்சிட்டேனா?"

"இல்லண்ணே, சத்தியமா இல்ல. யாருன்னு கேட்டீங்க. அவ்வளவுதான்."

"கையில அது இருந்துச்சா?"

மீரா உசேன் குடையைக் கீழே வைத்தார். வேதநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் தோட்டாவை உருட்டினார்.

"அப்ப நல்லது குடுக்காத" என்றார். "நான் மறுபடி வருவேன். வந்து கேப்பேன். சண்டகூடப் போடுவேன். நீ இதையே குடு."

"சரிண்ணே."

"மொகத்தப் பாத்துக் குடுடா. குடைய எண்ணிக்கிட்டுக் குடுக்குற."

சகாயம்மாள் திரும்பி வருவதற்குள் தோட்டா பைக்குள் போய்விட்டது. மறு வாரம் வேதநாயகம் வந்து நின்றபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. "மீரா, ரெண்டு குடு. கிளி எறங்கிடுச்சு." மீரா உசேன் எழுந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். முகத்தைப் பார்த்தே கொடுத்தார்.

பங்குனியோடு லைசன்ஸ் முடிந்தது. மகன் டேவிட்சன் மஸ்கட்டில் இருக்கிறான். துப்பாக்கி தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடச் சகாயம்மாள் முடிவு செய்தார். அங்கே போகும் பழைய துப்பாக்கிகள் கடைசியில் உருக்கப்படுமாம். கொண்டுபோகிற அன்று காலை, மீரா உசேன் அந்த அம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அத்தனை தயங்கிப் பேசி நான் கேட்டதில்லை.

"அண்ணி, பின்னாடி சோதிச்சுப் பாக்குற குழி இருக்கு. ஒரே ஒரு தடவை... ரவை கெடையாது. மருந்தும் பாதிதான். நான் பின்னாலேர்ந்து சேத்துப் புடிச்சுக்குறேன், கைய விடமாட்டேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

சகாயம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். அவர் டார்ச் லைட்டை அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பயமெல்லாம் இல்ல தம்பி" என்றார். "ஆனா சத்தம் கேட்டா அவரு மெரளுவாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

கடையின் பின்புறம் மணல்மூட்டை அடுக்கிய குழி. சுற்றுச்சுவருக்கு அப்பால் ஒரு தென்னை. குழலில் விரிசல் உண்டா என்று மீரா உசேன் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்த்தார்; வெண்கலம்போல் ஒலித்தது. அதன் பிறகுதான் தோட்டாவை உள்ளே வைத்தார். வேதநாயகத்தின் கையில் துப்பாக்கி வந்ததும் கூன் விழுந்த முதுகு தானாக நிமிர்ந்தது. இடக்கால் முன்னே போனது. கன்னம் கட்டையில் படிந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. மீரா உசேன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாற்போல் நின்று, அவருடைய இரண்டு கைகளின்மேலும் தன் கைகளை வைத்துக்கொண்டார். சகாயம்மாள் கணவரின் முழங்கையருகில், காதைப் பொத்திக்கொள்ளாமல் நின்றார்.

வெடித்தது.

சுவர்கள் அதிர்ந்தன. வெள்ளைப் புகை குழியிலிருந்து எழுந்து முகங்களை மறைத்தது. தென்னையிலிருந்து காக்கைகள் கத்திக்கொண்டு கிளம்பின. கந்தக வாசனை. புகை விலகியபோது வேதநாயகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி அதற்குள் மீரா உசேனின் கைக்குப் போயிருந்தது.

"யாரு சுட்டது?" என்றார் வேதநாயகம்.

சகாயம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதாங்க."

"நானா?" சிரித்தார். பல்லில்லாத, நிறைந்த சிரிப்பு. "நல்ல வெடி." பிறகு வலது தோளைத் தொட்டு முகம் சுளித்தார். "இங்க ஏன் வலிக்குது?"

மீரா உசேன் துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார். மருந்துக் கறை படிந்த கைகளை லுங்கியில் அழுந்தத் துடைத்துக்கொண்டார். வேதநாயகத்தை மணல்மூட்டையின்மேல் உட்காரவைத்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, எலும்பு துருத்தியிருந்த அந்தத் தோளில் உள்ளங்கையை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். துப்பாக்கியைக் கொண்டுபோக வந்திருந்த ஆட்டோக்காரர் வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மீரா உசேன் தேய்த்துக்கொண்டேயிருந்தார்.