பின்சுவர் வழியாக வந்த ஆமைக்குஞ்சு

எங்கள் வீட்டில் ஓர் ஆமைக்குஞ்சு வளர்ந்தது. 'வீட்டில்' என்று சொன்னால் அம்மா கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. அது வீட்டுக்குள் வரவேயில்லை, கொல்லைக்குத்தான் வந்தது என்பாள். ஆமை நிலைப்படியைத் தாண்டிவிட்டால் அப்புறம் அந்தக் குடும்பம் தலையெடுக்காது என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கும் சேர்த்து அம்மா நம்பினாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலை பெரிய கோயிலில் அப்பா குருக்கள். எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்தான் பூஜைக்கும், சமையலுக்கும், குடிக்கவும். அந்தக் கோடையில் தண்ணீர் அடிக்குப் போய், இறைத்த குடத்தில் புழு நெளிய ஆரம்பித்தது. கிணற்றில் ஓர் ஆமையை விட்டுவைத்தால் புழு பூச்சி அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா கீழ்பென்னாத்தூரில் இருந்த மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, சொல்லியனுப்பினார். எந்தக் காரியத்தையும் முக்கால்வாசி சரியாகச் செய்யக்கூடியவர் மாமா. ஏரி வற்றி மிச்சமிருந்த குட்டையில் ஆமையைத் தேடிப் பிடித்து, தூக்குப்பாத்திரத்தில் போட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார். திறந்து பார்த்தால் என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

அதற்குள் வாசலில் ரகளை. எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அம்மா நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

"தூக்குக்குள்ளதானே இருக்கு அக்கா, அதுவா நடந்து வரது?" என்றார் மாமா.

"தூக்கிண்டு வந்தாலும் வந்ததுதான்" என்றாள் அம்மா.

மாமா தெருவைச் சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனார். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சாம்பிராணி வியாபாரம் செய்த பாய் வீடு. அந்த வீட்டு வாசலில் நுழைந்து, கூடம் தாண்டி, அவர்கள் கொல்லைக்கு வந்து, தூக்குப்பாத்திரத்தைச் சுவர்மேல் வைத்தார். பாய் வீட்டம்மா கூடவே வந்து சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்குள்ள நொழைஞ்சா பரவாயில்லீங்களா, குருக்களம்மா?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை அவள் யோசிக்கவே இல்லை. "உங்களுக்குத்தான் அதெல்லாம் கிடையாதே" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பாய் வீட்டம்மா சிரித்த சிரிப்பு எங்கள் கூடம்வரை கேட்டது.

கிணற்றில் உடனே விட முடியவில்லை. வாளி பட்டால் குஞ்சு நசுங்கிவிடும். கொஞ்சம் பெரிதாகட்டும் என்று, மாடு வைத்திருந்த காலத்துக் கல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டோம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. எனக்குத் தம்பி தங்கை கிடையாது. அந்த ஆமைமேல் உயிரையே வைத்தேன். வெயில் படக் கூடாது, காக்கை பார்க்கக் கூடாது என்று தொட்டியை மூங்கில் தட்டால் மூடி, அதன்மேல் ஈரச் சாக்கையும் போட்டு வைத்தேன். தினம் தயிர்சாதம் பிசைந்து போட்டேன். கோயிலிலிருந்து சுண்டல் வந்தால் சுண்டல், வெண்பொங்கல் வந்தால் வெண்பொங்கல். வெள்ளிக்கிழமை கொஞ்சம் பால்கூட ஊற்றினேன். ஊரில் அத்தனை பேருக்கும் கிடைக்காத பிரசாதம் அதற்குக் கிடைத்தது. அதுவோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது.

ஆமை என்ன தின்னும் என்று பெரியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. புழுவைத் தின்னத்தானே அதை வரவழைத்ததே. ஆனால் எங்கள் வீட்டு நியாயம் வேறு. கிணற்றில் இறங்கிய பிறகு அது எதைத் தின்றாலும் அது அதன் பாடு. தொட்டியில் இருக்கும்வரை நாங்கள் போடுகிறோம், நாங்கள் போடுவது மடியாக, புலால் கலக்காததாகத்தான் இருக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சில நாட்களில் அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. அதன் ஓடு, விரலால் தொட்டால் நமத்துப்போன அப்பளமாக அமுங்கியது. அப்பா அதன்மேல் விபூதி இட்டுப் பார்த்தார். பிறகு சொல்லிவிட்டார்: "சித்திரையில எனக்குக் கோயில்ல பூஜை முறை வரது. நம்மாத்துல ஒரு ஜீவன் செத்துக் கிடக்கப்படாது. அதுக்குள்ள தேறலைன்னா கொண்டுபோய் ஏரியில விட்டுடணும்."

ஏரியில் ஏது தண்ணீர்? அங்கே விட்டால் ஒரு பொழுதுக்குள் காக்கை கொத்திவிடும் என்று மாமாவே என்னிடம் சொல்லியிருந்தார். நான் அழுதேன். இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அப்பா அசையவில்லை.

அதற்கப்புறம்தான் மத்தியான வேளைகளில் பின்சுவர் வழியாக ஒரு வாழையிலைப் பொட்டலம் வர ஆரம்பித்தது. நானும் அம்மாவும் மட்டும் இருக்கும் நேரம் அது. பாய் வீட்டம்மா அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "ஜாஸ்தி வேணாம்மா, கம்மியா போடுங்க. மீந்துச்சுன்னா தண்ணி நாறிப்புடும்" என்பார். அம்மா பொட்டலத்தை ஓரமாகப் பிடித்துப் பிரித்து, ஈர்க்குச்சியால் கொஞ்சம் எடுத்துத் தொட்டியில் போடுவாள். போட்டுவிட்டு, காலையில் குளித்திருந்தும், கிணற்றடியில் மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். மூங்கில் தட்டையும் சாக்கையும் எடுத்துவிட்டுப் பழைய மீன்பிடி வலைத் துண்டு ஒன்றைத் தொட்டிமேல் கட்டினாள். அதுவும் சுவர்மேல் வந்ததுதான். ஆமைமேல் வெயில் விழுந்தது.

"என்னம்மா அது?" என்று கேட்டேன்.

"மருந்து."

"ஏன் நீ மறுபடியும் குளிக்கறே?"

"வெயில் தாங்கலைடி."

இரண்டையும் நம்பினேன். அது கழுவி ஊறவைத்த காய்ந்த கூனி இறால் என்பது, எனக்குக் கல்யாணமாகி, வேறு ஊர்ச் சந்தையில் அந்த வாடையை மறுபடி மோந்தபோதுதான் தெரிந்தது. வெங்காய வாடை பட்டாலே முகம் சுளிக்கிறவள் அம்மா.

குஞ்சு கண் திறந்தது. பிறகு கழுத்தை நீட்டியது. தொட்டியில் போட்டிருந்த கல்லின்மேல் ஏறி, வெயிலில் காலைப் பரப்பிக்கொண்டு படுக்கவும் ஆரம்பித்தது. ஓடு மெல்லக் கெட்டிப்பட்டது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கடனைத் தீர்த்தேன்.

சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னால் ஒருநாள், அப்பா கோயிலிலிருந்து வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். கால் கழுவ நேரே கொல்லைக்கு வந்தார். அம்மா தொட்டியருகே பொட்டலமும் ஈர்க்குச்சியுமாக நின்றாள். மறைக்க நேரமில்லை. கொல்லை முழுக்க அந்த வாடை. என் அப்பா வாசலில் நின்றபடியே அடுப்பில் பால் அடிப்பிடிப்பதைச் சொல்லிவிடுவார், அப்படிப்பட்ட மூக்கு.

எனக்கோ மருந்து வாடை அப்பாவுக்குப் பிடிக்கவில்லையோ என்றுதான் தோன்றியது.

அப்பா தொட்டியை எட்டிப் பார்த்தார். குஞ்சு கழுத்தை நீட்டி, அம்மாவின் குச்சி முனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தேறிடுத்து போல இருக்கே" என்றார்.

"ம்" என்றாள் அம்மா.

ஏரிப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை, மலை வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. "மழை வரும்போல இருக்கு. மாடியில வடாம் காயறது பாரு, எடுத்து உள்ளே வைடி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்விட்டார்.

நான் ஓடிப்போய்ப் பாதி காய்ந்த வடாத்தையெல்லாம் வேட்டியோடு சுருட்டி எடுத்து வந்தேன். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து மழைக்காகக் காத்திருந்தேன். பொழுது சாயும்வரை ஒரு தூறல் இல்லை. ஆனால் சாமியைத் தொட்டுப் பூஜை செய்கிற அப்பா பொய் சொல்ல மாட்டார். மலைக்கு அந்தப் பக்கம் பெய்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.