அரிசி ட்ரம்மின் மேல் இருந்த இரும்பு

எங்கள் வீட்டில் சித்தப்பாவிடம் ஒரு கார் இருந்தது என்று சொன்னால் அது முழுப்பொய். காரின் மேல்கூடு ஒன்றும், பிரித்துப் போட்ட என்ஜின் ஒன்றும் இருந்தன. பகலெல்லாம் தவளக்குப்பத்துப் பட்டறையில் ஊரார் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு, மிச்சப் பொழுதையெல்லாம் செலியமேட்டில் எங்கள் மாட்டுக்கொட்டகையில் அந்த என்ஜினோடு கழித்தார். மாட்டை விற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. கொட்டகைக்கு இப்போது என்ஜின்தான் மாடு, அதுவும் கறக்காத மாடு என்று அப்பா சொல்வார்.

பழைய என்ஜினில் பெரிய பிஸ்டன், வேறு கேம்ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றி அதைப் பந்தய வண்டிபோல் சீற வைக்கப் பார்த்தார். “கடலூர் ரோட்ல இத்த முந்துறதுக்கு ஒரு வண்டி கெடையாது பாரு பாப்பா” என்று என்னிடம்தான் சொல்வார். வீட்டில் அதை நம்பியவள் நான் ஒருத்திதான். நான் அப்போது நாலாம் வகுப்பு.

சித்தி முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டானது. தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய் இல்லை; கரியமாணிக்கத்தில் அண்ணன் இருந்தார், அண்ணி கூப்பிடவில்லை. அந்தக் குறை சித்தப்பாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யார் கூப்பிடாவிட்டால் என்ன, வலி எடுத்ததும் அவளை ராணி மாதிரி சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அதன்பிறகு அந்தக் கார் விளையாட்டாக இல்லை.

கடைசியாக மாட்ட வேண்டியது டேம்பர். பிஸ்டன்களுக்கு அடியில் சுழலும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். அதன் முனையில் பூட்டும் வட்டம்தான் டேம்பர். பழையதில் ரப்பர் வெடித்திருந்ததால், புதிதாக வாங்கப் பாண்டிக்குப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு இரும்பு. வெளிவளையத்துக்கும் நடுப்பாகத்துக்கும் இடையே ரப்பர் வைத்தது. என்னால் தூக்க முடியவில்லை. இன்னொன்று நீல நிற அலுமினியம், ரப்பரே கிடையாது. டிபன்பாக்ஸ் மூடிபோல் லேசாக, மினுமினுவென்று இருந்தது.

“ரோட்ல ஓட்டப்போற வண்டின்னா இரும்பையே எடுத்துக்கப்பா” என்றார் கடைக்காரர். “உள்ள ஒவ்வொரு வெடிக்கும் கிராங்கு முறுக்கிக்கும். அந்த முறுக்கல இந்த ரப்பர் வாங்கிக்கும். அலுமினியம் பந்தயக்காரனுக்கு. அவன் ஓட்டி முடிச்சதும் பிரிச்சுப் பாத்துடுவான். நீ இன்னா, தெனமும் பிரிக்கப் போறியா?”

சித்தப்பா இரும்பைத்தான் வாங்கினார். அன்றைக்கு அவருக்கு நல்ல புத்தி இருந்தது. அதை மாட்டுவதற்குள் போனில் எவனோ ஒருவன் அலுமினிய வட்டத்தைப் பூட்டி என்ஜினை அலறவிடும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தார். மறுபடி பாண்டிக்குப் போய் நீல வட்டத்தோடு வந்தார். இரும்பைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

“இது வெறும் பாரம் பாப்பா. வேல செய்யாம சொம்மா ஒக்காந்து சுத்திக்கினு இருக்கும்” என்று அதைக் கொட்டகை மூலையில் போட்டார். சித்திதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தாள். எங்கள் அரிசி ட்ரம்மின் மூடியைப் பெருச்சாளி தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. மூடிமேல் வைக்கக் கனமாக ஒன்று வேண்டியிருந்தது. “எனக்காச்சும் ஒதவட்டும்” என்றாள். சித்தப்பாவும் சிரித்தார்.

கார் ஓடியது. கற்பூரம் ஏற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திருஷ்டியெல்லாம் கழிந்ததென்று நிம்மதியாக இருந்தோம். நல்ல வேகம், நல்ல சத்தம். கிராங்கின் உள்ளே முறுக்கி முறுக்கிக் கீறல் விழுந்துகொண்டிருந்தது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை. சித்தி மட்டும் ஏறவில்லை. ஏறவேண்டிய நாளில் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த நாள் ஐப்பசி மழையில் வந்தது. மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. சித்தப்பாவும் பட்டறைக்குப் போகவில்லை. அப்பா கழனியில் இருந்தார். மத்தியானம் சித்திக்கு வலி கண்டது, சொன்ன தேதிக்கு முன்பாகவே. அம்மா 108-க்குப் போன் போடச் சொன்னாள்.

“அது வர்றதுக்குள்ள நாம போயி சேந்துடலாம் அண்ணி!” என்று சித்தப்பா காரை எடுத்தார்.

சித்தி பின்னால் அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டாள். நான் துணிப்பையோடு முன்னால் உட்கார்ந்தேன். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. பாகூர் ஏரிப் பக்கம் சித்தப்பா விரட்டினார். “மெதுவா போங்க” என்றாள் சித்தி. அது அவர் காதில் விழவில்லை. மண்வெட்டி கல்லில் பட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அதோடு கார் நின்றது.

பானெட்டைத் திறந்தார். நீல வட்டம் ஒடிந்த கிராங்க் முனையோடு சேர்ந்து பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றார். அம்மா கத்தினாள், பிறகு அவளே 108-க்குப் போன் போட்டாள். வழியில் மரம் விழுந்திருந்ததால் வண்டி சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். சித்தி அலறிக்கொண்டிருந்தாள். நான் பையைக் கட்டிக்கொண்டு அழுதேன். கடைசியில் அந்தப் பக்கம் வந்த பால் வேன்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

குழந்தை அழவே இல்லை. ஆண் குழந்தை. “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமே” என்று நர்ஸ் சொன்னபோது சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு வந்த சித்தி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் இரும்புக்கடைக்குப் போயிற்று. ட்ரம்மின் மேல் இருந்தது மட்டும் போகவில்லை. ஒருநாள் சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். சித்தி பின்னாலேயே போய் வாங்கிவந்து பழைய இடத்தில் வைத்தாள்.

“பெருச்சாளி வந்துடும். இருக்கட்டும்.”

உலை வைக்கும்போதெல்லாம் அதை இறக்கி, அரிசி அளந்துகொண்டு, மூடியின்மேல் திரும்ப வைப்பாள். ணங்கென்று கேட்கும். சித்தப்பா எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார். சோறு ஆறிக் கிடக்கும்.

அவருக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு செய்தேன். ஒரு பழைய சாக்கை நாலாக மடித்து, மூடிக்கும் இரும்புக்கும் நடுவே வைத்தேன். என் புத்தியை மெச்சிக்கொண்டு, சித்தி அரிசி எடுக்க வரும்வரை பக்கத்திலேயே காத்திருந்தேன்.

அவள் இரும்பை இறக்கினாள். சாக்கைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். “வேணாம் பாப்பா” என்று அதை உருவி என் கையில் கொடுத்தாள். அரிசியை அளந்தாள், மூடினாள். பிறகு அந்த இரும்பை இரண்டு கையாலும் தூக்கி வெறும் மூடியின்மேல் வைத்தாள். வெளியே சித்தப்பா எழுந்து போவது கேட்டது. சித்திக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது என்பது, சாக்கும் கையுமாக நின்ற எனக்கு அப்போது தெரியவில்லை.