கண்ணாடிக்குள் விரியன்

ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்த கையோடு படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடுகிறார் ரெங்கம்மாள். ஸ்ரீரங்கத்து விடுதியொன்றின் வரவேற்புக் கூடத்தில் பெருமாள், யானை, கோபுரம் என்று எத்தனையோ படங்கள். தினமும் முதுகு காட்டுவது இது மட்டும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டருக்காக நீர்வண்ணத்தில் தீட்டிய கண்ணாடி விரியனின் நகல் அது. உடலெங்கும் செம்பழுப்பு வளையங்கள். வால் மட்டும் பென்சில் கோட்டோடு நிற்கிறது. “வாலுக்கு வரதுக்குள்ள வரைஞ்சவரு ஓடியிருப்பாரு” என்பார் ரெங்கம்மாள். சிரிக்கமாட்டார்.

அடியில் விடுதிக்காரர்கள் ஒட்டியிருக்கும் வரிதான் அவர் வயிற்றெரிச்சல்: ‘எங்கள் மண்ணின் அழகு.’

உப்பிலியபுரத்தில் வெங்காயம் பிடுங்கும்போது இந்த அழகு அவரது வலக்கையில் கடித்தது. முதலில் தூக்கிப்போன இடத்தில் மருந்து தீர்ந்துவிட்டதென்று கைவிரித்தார்கள். திருச்சி வந்து சேர்வதற்குள் தோள்வரை வீக்கம். உயிர் தங்கியது, இரண்டு விரல்கள் தங்கவில்லை. அதன்பின் காட்டு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை.

இங்கே அந்தக் கைக்கு மட்டும் நீல ரப்பர் உறை. விருந்தாளிகள் பார்த்தால் முகம் சுளிப்பார்களாம். உறையின் இரண்டு விரல்கள் காற்றுப்போய்த் தொங்கும். “கடிச்சதுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. கடிபட்டதை மூடி வைக்கணுமாம்.”

மேனேஜர் கோவர்தன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். “ரெங்கம்மா, அது பாம்பு இல்ல, ஆர்ட்டு.”

“கடிக்கறப்ப அது அப்படிச் சொல்லலைங்க சார்.”

இன்னொரு தரம் படம் திரும்பியிருந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்று நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். இடக்கையால் பெருக்குகிறவரை வேறு எவரும் சேர்க்கமாட்டார்கள் என்பது இருவருக்குமே தெரியும்.

இன்று காலை துடைத்த படத்தைத் திருப்பாமல் நின்றார். கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த மாதுரி என்ற பெண், செல்போனைத் தூக்கியபடி வந்தாள். பாம்பு செம அழகு என்று கூட வந்தவளிடம் சொன்னாள். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி ரெங்கம்மாளைக் கேட்டாள், மரியாதையாகத்தான்.

ரெங்கம்மாள் நகரவில்லை. உறையைப் பல்லால் கடித்து உருவினார். மூன்று விரல் கையை விரித்து, விரியனின் தலைக்குப் பக்கத்தில், கண்ணாடிமேல் பதித்தார்.

“இப்ப எடும்மா.”