மாமாவின் சிவப்புக் காரில் காற்று வந்த நாள்

அந்தக் காரின் ஏசி திருகில் ஒன்று முதல் நான்கு வரை எண்கள் போட்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என எதில் வைத்தாலும் சத்தமே வராது. நான்கில் வைத்தால் மட்டும் உள்ளே ஏதோ செருமிக்கொண்டு எழுந்து, முகம் வரை எட்டாத ஒரு காற்றை அனுப்பும். என் மாமனார் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்தத் திருகை ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிப் பார்ப்பார். நேற்று வராத காற்று இன்றைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருக்கும். நான்குக்குப் போய்ச் சேர்ந்ததும் அதுவும் போய்விடும்.

மாமாவுக்குப் போடியில் இலவம்பஞ்சு வியாபாரம். வீட்டை ஒட்டியே குடோன். காயை உடைத்துப் பஞ்சைப் பிரிக்கும் மாதங்களில் கொடியில் காயும் துணியிலும், தலைமுடியிலும், தாளிக்கும் எண்ணெயிலும் பஞ்சு வந்து உட்காரும். கல்யாணமான புதிதில் நான் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். "பஞ்சு யாவாரி வீட்டுக்கு வாக்கப்பட்டுட்டு பஞ்சப் பொறுக்கிக்கிட்டு இருக்கியே தாயி, என்னைக்கு முடிப்ப?" என்று அத்தை சிரிப்பார். அந்த வீட்டில் பஞ்சு குப்பை இல்லை. அவர்கள் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

காரை மாமா பல வருடங்களுக்கு முன், ஏலக்காய் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் வாங்கினார். பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, பெயருக்கு ஒரு பின்சீட், தரையோடு தரையாக இருக்கை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் இறங்குவதே ஒரு வித்தை. குடோன் தாழ்வாரத்தில்தான் அது நிற்கும். பேத்திக்குக் காது குத்த, பங்குனியில் வருசநாட்டுப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு அவளை அந்தக் காரில்தான் அழைத்துப் போக வேண்டும் என்று, அவள் பிறந்த அன்றே சொல்லிவிட்டார்.

நான்தான் கெடுத்தேன். "அந்த வெயில்ல, காத்து வராத வண்டியில பிள்ளைய ஏத்த முடியாது மாமா" என்று ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது சொல்லிவிட்டேன். அவர் மோரை ஊற்றச் சொல்லி, சாப்பிட்டு எழுந்துவிட்டார். நாலைந்து நாள் கழித்து என் கணவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "குமுளியிலருந்து ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துட்டுப் போக வர்றாராம். அப்பா சரின்னுட்டாக. பேத்தியே ஏறாத வண்டி எனக்கெதுக்குன்னு கேட்டாக."

அன்று முழுதும் எனக்குள் வழக்கு நடந்தது. பத்து மாதப் பிள்ளைக்கு வேர்க்குரு வருமே, சொன்னது சரிதானே. சரிதான் என்றாலும், அதைச் சாப்பிடும் நேரத்தில் சொல்லலாமா? மன்னிப்புக் கேட்டால் பிள்ளையை அந்த வெக்கையில் ஏற்ற வேண்டும். அதற்கும் மனம் துணியவில்லை. எப்படிச் சுற்றினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றேன்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஏசிக் காற்றாடி ஓட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே பழனிசெட்டிபட்டி மெக்கானிக்கை வரவழைத்தேன். காற்றாடியின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்துபோகிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியவர். மூன்றாவதோடு வந்து இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்துக்கொண்டார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நான் படித்தது இயற்பியல்.

"அண்ணே, இது ஏன் மாத்த மாத்த எரியுது?"

"பழைய வண்டி தாயி. வயசானதும் உங்க மாமாவுக்கு உடம்புல சூடு ஏறலையா, அது மாதிரிதான்."

"வண்டிக்குள்ள எங்கன இருக்கு அது?"

"காத்து போற பாதையில. காத்து பட்டு ஆறிக்கிட்டே இருக்கணும்."

"காத்து படலேன்னா?"

அவர் தலையை வெளியே எடுத்தார். "நாலுல வருதுல்ல?"

"வருது. போதுமான அளவு வருதா?"

பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கின் அடியில் விரலை வைத்துப் பார்ப்பவள் நான். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். கார் மூச்சை இழுக்கும் இடம் எது என்று கேட்டேன். முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பருக்குக் கீழே இருந்த சல்லடையைக் காட்டினார். திருகை நான்கில் வைக்கச் சொல்லி, அதன் மேல் ஒரு டிஷ்யூ காகிதத்தை விரித்தேன். ஒட்டி இழுபட வேண்டிய காகிதம் சும்மா கிடந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மூன்றாவது முறையும் வைத்தேன்.

"மொதலாளி, உங்க மருமக எனக்குப் பரீச்ச வைக்கிறாக பாருங்க" என்றார் மெக்கானிக்.

தாழ்வாரத்தில் நின்ற மாமா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிக்காம மோட்டாரக் கழட்டுய்யா."

மூன்று திருகாணிகள். காற்றாடி கையில் இறங்கியது. இதழ்களே தெரியவில்லை. மழையில் நனைந்து, காய்ந்து, சாம்பல் நிறத்தில் இறுகிய இலவம்பஞ்சு, சல்லடை வழியாக வருடக்கணக்கில் உள்ளே போய் அதை அடைத்திருந்தது. காற்றுப் பாதையிலிருந்து இன்னும் கைப்பிடி கைப்பிடியாக வந்தது. "இந்த வீட்டுக்கு வந்துட்டு சட்டையில பஞ்சு ஒட்டாம நான் திரும்புனதே இல்ல. இதுக்குள்ளயும் போகும்னு தோணலையே!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். மாமா குவியலின் நடுவிலிருந்து ஒரு துளியைப் பிய்த்து, விரலில் நசுக்கி, ஊதிப் பார்த்தார். "நம்ம சரக்குதான்" என்றார். "மொதத் தரம்."

எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டி, புது ரெசிஸ்டரை மாட்டித் திருகை ஒன்றில் வைத்தபோது சத்தமே கேட்கவில்லை. போச்சு என்றுதான் நினைத்தேன். அப்போது என் இடுப்பிலிருந்து காருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் நெற்றி முடி அசைந்தது. பிறகு இரண்டு, மூன்று. நான்கில் வைத்தபோது சல்லடை மேல் போட்ட காகிதம் பட்டென்று ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என் சந்தேகம் ஒரு காரியத்துக்கு ஆகும் என்பதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் ஞாயிறு வரை நிம்மதியில்லை. மாமா வார்த்தை கொடுத்துவிட்டாரே. குமுளிக்காரர் சொன்னபடி வந்தார்; மலையாளம் கலந்த தமிழ் பேசினார். மாமா அவரைக் காருக்குள் உட்காரவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாகத் திருப்பிக் காட்டினார். நான் சன்னலோரம் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏசி கொள்ளாமே, நல்லாருக்கே! கேடுன்னுதானே பறஞ்ஞது?"

"கேடாத்தான் இருந்துச்சு சேட்டா. இப்ப இல்ல. அதனால குடுக்கல. மன்னிச்சுக்கங்க."

"குடுக்காத வண்டிய எதுக்கு உக்கார வச்சுக் காட்டுனீங்க?"

"எம் மருமக சரி பண்ணுனது. நாலு பேரு பாக்க வேணாமா?"

அவர் சிரித்துவிட்டார். காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது மாமாவுக்குக் கண் சரியில்லை, நான்தான் ஓட்டுகிறேன். பஞ்சுக் காலம் வரும்போது சல்லடைக்கு வலை கட்டுவதும் என் வேலை. ஆனால் அந்தப் பங்குனியில் மாமாதான் ஓட்டினார். பின்சீட்டில் குழந்தை இருக்கையைக் கட்டி, வாரை இழுத்துப் பார்த்து, பிள்ளையை அதில் நானே ஏற்றினேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "போலாமா தாயி?" என்று கேட்டார். போகலாம் என்று, யோசிக்காமல் சொன்னேன்.