ஒரு ரூபாய் வரவு

இன்று அன்னவாசல் பஸ்ஸில், எனக்குக் கடன் கொடுத்தவரின் வசூல்காரர் மாணிக்கம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முழுசும் கேக்கல சார். ஒத்த ரூவா கட்டி, புரோநோட்டுக்குப் பின்னால கையெழுத்துப் போடுங்க, போதும்."

நோட்டின் மூன்று வருடக் கெடு நாளையோடு முடிகிறது. பிறகு கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போக முடியாது. இன்று ஒரு ரூபாய் கட்டினால் கடனுக்கு மேலும் மூன்று வருடம் ஆயுள். இது எனக்கும் தெரியும்.

"ஒரு ரூவாகூட இல்லீங்க" என்றேன். உண்மைதான்.

"வெறுங்கையோட போனா மொதலாளி என்னைய நிப்பாட்டிருவாரு சார்" என்றவர், தன் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார்.

அதை அவரிடமே கட்டிக் கையெழுத்திட்டேன்.

இறங்கும்போது, "என் ரூவாய எப்ப சார் தருவீங்க?" என்றார்.

இனி வீட்டுக்கு இரண்டு கடன்காரர்களுக்காக ஆள் வரும்; இரண்டு பேருக்கும் மாணிக்கமே வருவார். உங்களில் யாரிடமாவது ஒரு ரூபாய் இருந்தால் எழுதுங்கள். கையெழுத்துக்கு என்னிடம் பஞ்சமில்லை.